நேசரியில ஒரு பொடியன்ட விசயம், யாராவது சொல்லுங்க

உப்புவெளி டீச்சர்:
நான் இங்க உப்புவெளிப் பக்கம் ஒரு நேசரியில படிப்பிக்கிறன். என்ட வகுப்பில ஒரு பொடியன், மூண்டரை வயசு, இன்னும் ரெண்டு சொல் சேத்துக் கதைக்கிறான் இல்ல, "தண்ணி" எண்டுவான், மற்றதெல்லாம் கையக் காட்டுறதுதான். பின்னால நிண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிறதும் இல்ல. இத வீட்டுக்கு எப்பிடிச் சொல்றது எண்டு யோசிச்சுக்கொண்டு இருக்கக்குள்ளதான் போன செவ்வாய் தண்ணி ஊத்துண்டு சேர்ட் மாத்தினா முதுகில இடுப்புக்குக் கிட்ட நீலமா ஒரு அடையாளம், காதுக்குப் பின்னால வேற ஒண்டு. அம்மா வெளிநாட்டில, அம்மம்மாதான் கூட்டிக்கொண்டு வாறா, கேட்டதுக்கு "விழுந்திட்டான்" எண்டுறா. பெரிய டீச்சர் வீட்டு விசயத்தில தலையிடாத எண்டுறா. எனக்கு நித்திரை இல்ல.

பாலையூற்று மாமா:
பிள்ள, என்ட மகனும் நாலு வயசு மட்டும் வாய் திறக்கல, இப்ப நிப்பாட்டேலாது. எல்லாம் போன் பாக்கிறதால வாற வேல. போலீஸ், கேஸ் எண்டு போனா நாளைக்கே பிள்ளைய நிப்பாட்டிப் போடுவாங்க, அதையும் யோசிங்க.

கிண்ணியா ராத்தா:
மாமா, பேர் கூப்பிட்டா திரும்பாத பிள்ளைக்கு முதல்ல காது கேக்குதா எண்டு பாக்கணும், போனுக்குப் பிறகு ஏசலாம். நான் மிட்வைஃபா இருந்து ரிட்டயர் ஆனவ. தங்கச்சி, ரெண்டு விசயத்தையும் ஒண்டாக் கட்டாதீங்க. கதையாத விசயத்த அம்மம்மாட்ட நேராவே சொல்லலாம், பிள்ளைட ஊசி, வளர்ச்சி எழுதுற கிளினிக் கொப்பியக் கொண்டு வரச் சொல்லுங்க, எந்த வயசில என்ன செய்யணும் எண்டு அதிலயே கிடக்கு, அதோட எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிஸுக்கு அனுப்புங்க. இடுப்புக்குக் கிட்ட நீலம் எண்டா பிறவித் தடமாவும் இருக்கலாம், எங்கட பிள்ளையளுக்கு அது சாதாரணம், அடிபட்ட நீலம் மாதிரி நாளுக்கு நாள் நிறம் மாறாது, வளர வளரத்தான் மங்கும், பிறந்த நேரமே கொப்பியில எழுதியிருக்கவும் கூடும், பாருங்க. ஆனா காது வேற. ஓடி விளையாடுற பிள்ளைக்கு முழங்கால், நெத்தி அடிபடும், காதுக்குப் பின்னால லேசில படாது. அதப்பத்தி வீட்ட திரும்பக் கேக்காதீங்க, ஆர் செய்தது எண்டு எங்களுக்குத் தெரியாதே.

பொடியனிட்டயும் "அம்மம்மா அடிச்சாவா" எண்டு கேக்க வேணாம், பிள்ள ஓம் எண்டிருவான், அது ஒண்டுக்கும் உதவாது. திகதி, நேரம், எந்தப் பக்கம், என்ன அளவு, அம்மம்மா சொன்ன சொல்லு, எல்லாத்தையும் அப்பிடியே எழுதுங்க, "அடிச்சிருக்காங்க" எண்டு நீங்க முடிவு எழுத வேணாம். போட்டோ எடுத்து டீச்சர்மார்ட வாட்ஸ்அப் குரூப்பில போடுறது இருக்கே, அத மட்டும் செய்யாதீங்க. பிறகு சிறுவர் உதவி இலக்கம் 1929க்கு எடுங்க, காசு இல்ல, தமிழில கதைக்கலாம். பிரதேச செயலகத்தில சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கார். தேடிப் பாக்கிறது அவங்கட வேல, உங்கட வேல சொல்றது.

பாலையூற்று மாமா:
ராத்தா சொல்றது சரிதான், காது விசயத்த நான் கவனிக்கல.

உப்புவெளி டீச்சர்:
ராத்தா, கொப்பி வந்திட்டு. முதுகு நீலம் பிறந்த நாள்லயே எழுதிக் கிடக்கு, அப்பாடா. காதுக்குப் பின்னால கண்ட அடையாளத்துக்கு 1929க்கு எடுத்தன், எண்டைக்குக் கண்டனீங்க எண்டுதான் முதல்ல கேட்டாங்க, நல்ல காலம் செவ்வாய் 10.20 எண்டு குறிச்சு வச்சிருந்தன். பெரிய டீச்சருக்கு இன்னும் சொல்லல, நாளைக்குச் சொல்லுவன், ஏசுவா.