முத்திரை குத்தப்பட்ட முகங்களுக்கு என்ன நிறம் பூசுவது?

கேள்வி: கோடும்நிறமும்

‘திமிர் பிடித்தவள்’, ‘கோழை’, ‘சோம்பேறி’, ‘பைத்தியம்’ என்று சமூகம் ஆட்கள்மேல் குத்தும் முத்திரைகளை வைத்து ஆறு முகங்கள் கொண்ட அக்ரிலிக் தொடர் ஒன்றைத் திட்டமிட்டிருக்கிறேன். கேன்வாஸ் ஒவ்வொன்றும் 40 × 50 செ.மீ. முதல் வரைவில் நிறக்குறியீட்டைத் தலைகீழாக்கினேன்: கோழை எனப்படுபவருக்குச் சிவப்பு முகம், முரடன் எனப்படுபவருக்கு வெளிர்நீலம். பார்த்தவர்கள் “ஓ, உண்மையில் இவர் தைரியசாலி, அவர் சாது” என்று உடனே படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஒரு முத்திரை போய் இன்னொன்று வந்ததுதான் மிச்சம். முத்திரை குத்தும் செயலையே கேள்வி கேட்கும்படி நிறத்தைக் கையாள வழி உண்டா? தோல் நிறத்தை எப்படி அணுகுவது என்பதும் பிடிபடவில்லை.

பதில்: சாம்பல்தட்டு

முகத்துக்கு நிறம் தேடுவதை நிறுத்துங்கள். ஆறு முகங்களுக்கும் ஒரே நிறம், பின்னணி மட்டும் ஆறு விதம். ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதைச் சுற்றியிருக்கும் நிறமே பெருமளவு தீர்மானிக்கிறது. ஓவியரும் நிறக்கலை ஆசிரியருமான ஜோசப் ஆல்பர்ஸ் 1963-இல் வெளியிட்ட பாடநூலில் இதற்கான பயிற்சிகளை விரிவாகத் தந்திருக்கிறார். உங்கள் கருவுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும்: ஆள் மாறவில்லை, சூழல்தான் அவரை வேறாகக் காட்டுகிறது.

செய்முறை. பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அல்ட்ராமரைன் நீலம், டைட்டானியம் வெள்ளை மூன்றையும் கலந்து நிறச்செறிவு குறைந்த, நடுத்தரமான பழுப்புச் சாம்பல் ஒன்றை உருவாக்குங்கள். கருமையை 1, வெண்மையை 9 என்று வைத்தால் இது 5-இல் இருக்கட்டும். ஆறு முகத்துக்கும் இரண்டு பூச்சுக்குப் போதுமான அளவு, சுமார் 200 மி.லி., ஒரே தடவையில் கலந்து காற்றுப் புகாத டப்பாவில் மூடி வையுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் அதே நிறம் வராது. வேலையின் அடிப்படையே போய்விடும்.

பின்னணியில் இரண்டு வழி. முகத்தை வெளிறியதாகவோ கருத்ததாகவோ காட்ட, பின்னணியின் டோனை, அதாவது மேலே சொன்ன கருமை-வெண்மை அளவை, மாற்றுங்கள்: 2-இல் இருந்தால் முகம் வெளிறும், 8-இல் இருந்தால் கருக்கும். முகத்தின் நிறச்சாயலையே மாற்றிக் காட்ட, பின்னணியின் டோனை முகத்தின் டோனுக்கு அருகில், 4 முதல் 6-க்குள், வைத்துக்கொண்டு செறிவை ஏற்றுங்கள். பச்சைப் பின்னணியில் அதே சாம்பல் செம்மை தட்டும், சிவப்பில் பச்சை தட்டும். இரண்டாவது வழிதான் பார்ப்பவரை உண்மையிலேயே ஏமாற்றும். முகத்தின் பரப்பு கேன்வாஸில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் விளைவு நீர்த்துப்போகும்.

கெடுப்பவை சில உண்டு. முகத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு போட்டால் இரண்டு நிறங்களும் ஒன்றையொன்று தொடாமல் பிரிந்துவிடும். கேன்வாஸின் அடிப்பூச்சான வெள்ளை ஜெஸ்ஸோ விளிம்பில் எட்டிப் பார்த்தாலும் அதே கதி. முகத்தில் ஒளிநிழல் ஏற்றினால் ஒப்பிட வேண்டிய நிறமே காணாமல் போகும். எனவே தட்டையாகப் பூசி, கண், மூக்கு, வாயை அந்தந்தப் பின்னணி நிறத்தாலேயே மெல்லிய கோடுகளாக இழுங்கள். வார்னிஷ் பளபளப்பில்லாத ‘மேட்’ வகையாக இருக்கட்டும், பளபளப்பில் அறை விளக்கு பிரதிபலித்து நிறம் அழியும். அக்ரிலிக் காய்ந்தபின் சற்றுக் கருமையாகும்: ஈரத்தில் பால்போல் இருக்கும் பசை காயும்போது தெளிந்துவிடுவதே காரணம். ஆகவே 10 செ.மீ. காகிதத் துண்டுகளில் பூசி, முழுக்கக் காய்ந்தபின் முடிவெடுங்கள்.

காட்சிக்கு வைக்கும்போது, நடுவில் 1 செ.மீ. துளையிட்ட சாம்பல் அட்டைகளை அருகில் வையுங்கள். துளை வழியே பார்த்தால் பின்னணி மறைந்து ஆறு முகமும் ஒன்றே என்பது தெரியவரும். விளக்கவுரை எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல்.

பதில்: நிறமி

மேலே சொன்னதை ஆமோதிக்கிறேன். ஒரே முகநிறத்துக்குப் பதிலாகத் தோல் நிறத்திலேயே வரைவதானால் என்ன செய்யலாம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

‘தோல் நிறம்’ என்று பெயரிட்ட டியூப் எதையும் தொடாதீர்கள். அந்தப் பெயரே ஒரு முத்திரைதான். கிரையோலா என்ற வண்ணக்குச்சி நிறுவனம்கூட வெளிர் இளஞ்சிவப்புக் குச்சிக்குத் ‘தசை நிறம்’ என்று வைத்திருந்த பெயரை 1962-இல் ‘பீச்’ என்று மாற்றியது. யெல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்), பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரைன், டைட்டானியம் வெள்ளை ஆகிய நான்கிலிருந்தே மிக வெளிறிய தோல் முதல் மிகக் கருத்த தோல்வரை கலக்கலாம். மாறுவது விகிதம் மட்டுமே. இதையே படைப்பாக்கலாம்: ஒவ்வொரு முகத்தின் கேன்வாஸ் ஓரத்திலும் அதன் விகிதத்தை எழுதிவிடுங்கள். அமெரிக்க ஓவியர் பைரன் கிம் 1991 முதல் செய்துவரும் தொடரில் ஒவ்வொரு 10 × 8 அங்குலப் பலகையும் ஒருவரின் தோல் நிறம் மட்டுமே. முகமே கிடையாது.

கருத்த தோலில் நிழலுக்கு டியூப் கறுப்பையும் ஒளிபடும் மேட்டுக்கு வெள்ளையையும் சேர்ப்பதுதான் பரவலான தவறு. நிழல் ஓட்டைபோல் தெரியும், மேடு சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகும். நிழலுக்கு அல்ட்ராமரைன், மேட்டுக்கு ஓக்கரோ நீலம் கலந்த சாம்பலோ போதும். கறுப்பையே விரும்பினால் அமெரிக்க ஓவியர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷலைப் பாருங்கள். ஐவரி பிளாக், கார்பன் பிளாக், மார்ஸ் பிளாக் மூன்றோடு கோபால்ட் நீலம், குரோம் ஆக்சைடு பச்சை, டையாக்சசின் ஊதா ஆகியவற்றைக் கலந்து, கறுப்புக்குள்ளேயே வெவ்வேறு கறுப்புகளை அவர் பிரித்துக் காட்டுகிறார்.

தோலைச் சாம்பலாக்கி உடைக்கும் பின்னணிக்கும் மட்டும் நிறம் தரும் அமெரிக்க ஓவியர் எமி ஷெரால்டின் வழியும் உண்டு. கவனம்: ஐவரி பிளாக்கும் டைட்டானியம் வெள்ளையும் மட்டும் கலந்தால் நீலம் தட்டி முகம் பிணமாகத் தெரியும். அவர் கறுப்போடு நேப்பிள்ஸ் மஞ்சள் சேர்ப்பதால்தான் அந்தச் சாம்பலில் உயிர் இருக்கிறது.

கோடும்நிறமும்

நன்றி. ஒரே முகநிறம், ஆறு பின்னணி என்பதையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு கேன்வாஸில் மட்டும், ஒரு சமூகத்தின்மேல் திணிக்கப்பட்ட நிறத்தையே பின்னணியாக்கலாமா?

பதில்: செங்காவி

அந்தச் சமூகத்தவரோடு சேர்ந்து செய்வதானால் மட்டும். நாஜி முகாம்களில் தன்பாலீர்ப்புள்ள ஆண்களின் உடையில் தைக்கப்பட்ட இளஞ்சிவப்பு முக்கோணம் கீழ்நோக்கி இருந்தது. 1987-இல் நியூயார்க்கில் எய்ட்ஸ் பற்றிய மௌனத்தை எதிர்த்த சுவரொட்டி அதை மேல்நோக்கித் திருப்பிக் கறுப்புப் பரப்பில் வைத்தது. இளஞ்சிவப்பைக் கைவிடவில்லை, திசையை மாற்றினார்கள். அதைச் செய்தவர்கள் அந்த முத்திரையைச் சுமந்தவர்களே என்பதால்தான் அது செல்லுபடியானது. வெளியாள் தனியாகச் செய்தால் பழைய அவமானம் மறுபடி சுவரில் தொங்கும். அவர்கள் மறுத்தால் அந்தக் கேன்வாஸை விட்டுவிட்டு ஐந்தோடு நிறுத்துங்கள்.

இரண்டு நடைமுறைக் குறிப்புகள். சிவப்பு-பச்சை வேறுபாடு தெரியாத பார்வையாளர்கள் கணிசமாக இருப்பார்கள். எனவே ஆறில் இரண்டு பின்னணிகளாவது டோன் வேறுபாட்டை நம்பியிருக்கட்டும். ஆறு படங்களுக்கும் ஒரே வகை விளக்கு, நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான நிறக்காட்டல் குறியீடு (CRI) 90-க்கு மேல். இணையத்தில் போடும்போது ஆறையும் ஒரே சட்டகத்தில் எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் கேமராவின் தானியங்கி வெள்ளைச் சமநிலை ஒவ்வொரு முகத்தையும் தன்பாட்டுக்குத் திருத்திவிடும்.