பரம்வீர் சக்கரம்: வரைந்த கை யாருடையது?

செம்மண்காரன்:
"பரம்வீர் சக்கரம் நூறு சதவீதம் நம் மண்ணின் படைப்பு" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல் வந்தது. போரில் காட்டும் வீரத்துக்கு இந்தியா தரும் மிக உயரிய பதக்கம் அது; அதை வரைந்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த பெண். அப்பா ஹங்கேரிக்காரர், அம்மா ரஷ்யர். இதை மறைத்துவிட்டு என்ன பெருமை?

பழையநாணயம்:
எழுதியது நான்தான், பெயர் சொல்லியே கேட்டிருக்கலாம். சாவித்திரி கானோல்கர் 1932லேயே ராணுவ அதிகாரி விக்ரம் கானோல்கரை மணந்து இந்தியராகவே வாழ்ந்தவர். சமஸ்கிருதமும் புராணமும் கற்றவர். அதனால்தான் ராணுவ மேஜர் ஜெனரல் ஹீரா லால் அடல் அவரிடம் பதக்கத்தை வரையும் பொறுப்பைக் கொடுத்தார். பதக்கத்தில் இருப்பது இந்திரனின் வஜ்ராயுதம். ததீசி முனிவர் தன் எலும்பையே கொடுத்து உண்டான ஆயுதம். உயிரைக் கொடுக்கிறவனுக்கு வேறெந்தச் சின்னம் பொருந்தும்?

செம்மண்காரன்:
வஜ்ராயுதம் இருக்கட்டும். பிறந்தது எங்கே?

பழையநாணயம்:
நொய்ஷாடெல். போதுமா? விக்டோரியா சிலுவை பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் ஒரே இடத்தில் நின்றீர்கள். 1856இல் வந்த அந்த பிரிட்டிஷ் வீரப் பதக்கத்துக்கு இந்தியச் சிப்பாய்க்கு 1911 வரை தகுதியே கிடையாது. அந்த அவமானத்துக்குப் பதிலாகத்தான் 1950 ஜனவரி 26 அன்று நமக்கென்று ஒன்று வந்தது.

பீரங்கிமேடு:
நான் படையில் இருந்தவன். 1947 நவம்பர் 3, காஷ்மீரின் பட்காம். கையில் மாவுக்கட்டோடு சோம்நாத் சர்மா தோட்டா நிரப்பிக் கொடுத்துக்கொண்டே உயிர்விட்டார். முதல் சக்கரம் அவருக்குத்தான். இதுவரை வாங்கிய 21 பேரில் 14 பேர் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. அந்த வீடுகளில் போய்க் கேளுங்கள், வரைந்தது யார் என்று!

யாழ்வாசி:
அந்த 14இல மேஜர் பரமேஸ்வரனும் ஒருத்தர். 1987 நவம்பர் 25, இந்திய அமைதிப்படையோட இலங்கைக்கு வந்து எங்கட மண்ணில செத்தவர். அவற்ற துணிவை நான் குறைச்சுச் சொல்லேல்லை. ஆனா அந்த வருசம் எங்கட சனம் பட்டதுக்கு ஆர் பதக்கம் தந்தவை? தேசப் பெருமை எண்டு எழுதேக்க அதையும் நினையுங்கோ.

பீரங்கிமேடு:
தம்பி, எங்கள் ஆட்களும் அங்கே ஆயிரத்துக்கு மேல் செத்தார்கள்.

யாழ்வாசி:
நான் உங்களுக்குத் தம்பி இல்லை.

பழையநாணயம்:
பேச்சைத் திருப்பாதீர்கள் இருவரும். நான் சொன்னது பதக்கத்தைப் பற்றி. வரைந்தவர் இந்தியர், சின்னம் இந்தியச் சின்னம், வாங்கியவர்கள் இந்திய வீரர்கள்.

செம்மண்காரன்:
பிறந்தது நொய்ஷாடெல் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். "நூறு சதவீதம்" என்பதை எடுத்துவிடுங்கள்.

பழையநாணயம்:
எடுக்க மாட்டேன்.