பில்ஜ் நீர்: இறைப்பதா, வடிப்பதா?

வணக்கம் ஐயா,

நம் படகுக் கையேட்டுக்கான சொற்பட்டியலைப் பார்த்தேன். படகின் அடியில் நீர் சேரும் 'பில்ஜ்' பகுதிக்கு நீங்கள் தந்த 'அடித்தேக்கம்' பார்த்தவுடன் விளங்குகிறது. ஆனால் அந்த நீரை இறைக்கும் பில்ஜ் பம்ப், பின்சுவர்த் துளையை மூடும் திருகான டிரெய்ன் பிளக் இரண்டுக்கும் 'தேக்கநீர் வெளியேற்றி' என்று ஒரே சொல்லைப் போட்டிருக்கிறீர்கள். அதை மாற்றியே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன்.

இங்கே ஒன்டாரியோவில் அக்டோபர் வந்தால் படகைக் கரையேற்றிவிடுவோம். எங்களுடையது 16 அடி ஃபைபர்கிளாஸ் படகு. போன ஆண்டு பம்பை ஓடவிட்டேன். குழாயில் நீர் நின்று காற்று மட்டும் வந்ததும் டிரெய்லரில் ஏற்றினேன். முன்பக்கம் உயர்ந்ததும் தரைப்பலகைக்கு அடியில் 'களக்' என்று நீர் ஓடியது. பின்சுவரின் அடியில் இருக்கும் பித்தளைத் திருகைக் கழற்றினேன். கட்டைவிரல் பருமனில் பழுப்பு நீர் கொட்டி, நூலாக மெலிந்து, நின்றது. படகை அசைத்தால் உள்ளே இன்னும் தளும்புகிறது! டார்ச் அடித்துப் பார்த்தேன். படகின் அடிப்பகுதியை அறைகளாகப் பிரிக்கும் குறுக்குவிட்டத்தின் அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. மட்கிய மேப்பிள் இலை அதை அடைத்திருந்தது. வளைத்த கம்பியால் இலையை இழுத்தெடுத்தேன். அந்த ஓர் அறையிலிருந்து மட்டும் இரண்டு வாளி நீர் வந்தது.

பம்பின் மேல் குற்றமில்லை. கடைசி விரற்கடை நீரை அதனால் உறிஞ்ச முடியாது. நிறுத்தியதும் குழாயில் நிற்கும் நீரும் கீழே திரும்பி வரும். அந்த மிச்சத்தை அப்படியே விட்டால் பனிக்காலத்தில் உறைந்து ஏறத்தாழ 9 விழுக்காடு விரியும். இடுக்கில் சிக்கிய நீர் அப்படி விரிந்தால் ஃபைபரைப் பிளந்துவிடும்.

கிணற்றை இறைக்கிறோம், கஞ்சியை வடிக்கிறோம். யாரும் மாற்றிச் சொல்வதில்லை. இறைத்தால் நீர் மேலேறுகிறது, அதற்குத் தோள் வலிமையோ மின்சாரமோ வேண்டும். வடித்தால் தானே இறங்குகிறது. சாய்த்து வழிவிட்டால் போதும். இவ்வளவு தெளிவாக இரண்டு வினைகள் கையில் இருக்கும்போது 'வெளியேற்றி' என்று பொதுவாகச் சொன்னால், பம்பை ஓட்டியவர் வடித்தாகிவிட்டது என்றே நம்புவார். நான் அப்படித்தான் நம்பினேன்.

அதனால் என் பரிந்துரை: இடத்துக்கு 'அகடு'. வயிறு, உள்ளிடம் என்று பொருள். குறள் 936-இல் வரும் 'அகடாரார்' வயிறு நிறையாதவரே. அங்கே சேரும் நீர் 'அகட்டுநீர்'. பம்ப் 'அகட்டு இறைப்பி'. குறுக்குவிட்டத் துளை 'வடிகண்'. ஏரிக்கரைக்கு அடியில் நீர் வெளியேறும் வழியைத் தூம்பு என்கிறோமே, பின்சுவர்த் துளைக்கும் அதுவே இருக்கட்டும். அதன் திருகு 'தூம்புத் தக்கை'.

இடத்தையும் நீரையும் பிரிப்பதற்கும் காரணம் உண்டு. எஞ்சினிலிருந்து கசியும் எண்ணெய் அங்கேதான் சேரும். 'அகட்டுநீரில் எண்ணெய் மினுங்கினால் பம்பைப் போடாதீர்கள், ஏரிக்குள் போகும். உறிஞ்சுதுணியால் ஒற்றி எடுங்கள்' என்று கையேட்டில் எழுத வேண்டியிருக்கிறது.

---

தம்பி,

இறை, வடி என்று பிரித்தது சரி. நான்தான் அதைக் கவனிக்கவில்லை. வடிகண் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இரண்டு இடத்தில் தடுக்கிறது. தூண்டில் போடுகிறவருக்குத் தக்கை என்றால் மிதப்பது. படகுக்காரரிடம் போய் அந்தச் சொல்லை அடைப்புக்குச் சொல்லலாமா? அகடு நல்ல பழஞ்சொல்தான், ஆனால் எத்தனை பேருக்குத் தெரியும்?

---

ஐயா,

தக்கையைக் கைவிடுகிறேன். 'தூம்படைப்பு' என்போம். படகை நீரில் இறக்கும் முன் 'தூம்படைப்பு போட்டாயா?' என்று உரக்கக் கேட்டுப் பார்த்தேன், வாயில் நன்றாகவே வருகிறது. இந்த ஒரு கேள்வியை மறந்தால் இறக்கிய இடத்திலேயே படகுக்குள் நீர் ஏறும்.

அகடு பற்றி: 'அடித்தேக்கம்' என்றால் நீர் தேங்கியிருக்கிறது என்றே பொருள்படும். காய்ந்து கிடக்கும்போதும் அந்த இடத்துக்குப் பெயர் வேண்டும். 'அடித்தேக்கம் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்' என்று எழுதினால் இடிக்கிறது. 'அகடு காய்ந்திருக்கிறதா' என்றால் இடிக்கவில்லை. முதல் முறை வருமிடத்தில் 'படகின் அடிவயிறான அகடு' என்று விளக்கிவிடலாம்.

நீர் ஏறியதும் பம்பைத் தானே ஓடவைக்கும் கருவிக்கு 'மிதவை ஆளி' போதும் என்று நினைக்கிறேன். மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடுங்கள். கையேட்டின் மூன்றாம் பகுதியை இந்தச் சொற்களோடு திருத்தி ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன்.