லைப்போசக்‌ஷனுக்குப் பிறகு எடை கூடியிருக்கிறது, வயிறு கெட்டியாக இருக்கிறது. இது சரியாகிவிடுமா?

மீனா_திருச்சி:
போன வாரம் வயிற்றிலும் இடுப்பின் இரு பக்கமும் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் செய்துகொண்டேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எவ்வளவு நடந்தும் அடிவயிறு மட்டும் குறையவில்லை. இப்போது எடை இரண்டு கிலோ கூடுதலாகக் காட்டுகிறது. தொட்டால் உணர்ச்சியே இல்லை, உள்ளே கட்டி கட்டியாக இருக்கிறது. டாக்டர் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்கிறார். மாமியார், “காசு கொடுத்து வியாதியை வாங்கிட்டு வந்திருக்கே” என்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். வயிற்றை இறுக்கிப் பிடிக்கக் கொடுத்த பெல்ட்டை ராத்திரியும் போட்டுத்தான் ஆகவேண்டுமா?

கார்குழலி:
மீனா, முதலில் எடை மெஷினைத் தூக்கி மேலே வையுங்கள். கொழுப்பை உறிஞ்சுவதற்கு முன்னால் சலைனில் மரப்பு மருந்தும் அட்ரினலினும் கலந்து லிட்டர் கணக்கில் உள்ளே ஏற்றுகிறார்கள். ரத்தம் அதிகம் போகாமல் இருக்கத்தான் இது. அதில் ஒரு பங்கு முதல் ஓரிரு நாளில் துளை வழியாக இளஞ்சிவப்பாகக் கசியும், மிச்சம் மெதுவாகத்தான் வெளியேறும். இதோடு வீக்கமும் சேர்ந்தால் எடை கூடத்தானே செய்யும்?

எனக்கும் அந்தக் கட்டிகள் இருந்தன. முழு வடிவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். மரத்த இடத்தில் உணர்ச்சி திரும்பும்போது அரிக்கும், சுருக்கென்று குத்தும். பயப்படாதீர்கள்.

பெல்ட் விஷயம்: எனக்கு ஆரம்பத்தில் ராத்திரியும் போடச் சொன்னார்கள், அப்புறம் பகலில் மட்டும். உங்கள் டாக்டர் சொல்கிற கணக்குதான் உங்களுக்கு. பெல்ட்டுக்கு அடியில் தையல் இல்லாத மெல்லிய பனியன் போட்டு, மடிப்பு விழாமல் இழுத்துவிடுங்கள். ஒரே இடத்தில் மடிப்பு அழுத்தினால் தோலில் பள்ளமாகத் தடம் விழும். குளிக்கக் கழற்றும்போது சட்டென்று தலை சுற்றும். ஸ்டூலில் உட்கார்ந்து கழற்றுங்கள், பக்கத்தில் யாராவது இருக்கட்டும். கொஞ்ச நாளைக்கு ஊறுகாய், அப்பளம் வேண்டாம், உப்பு வீக்கத்தைக் கூட்டும்.

மாமியார் பேச்சை மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள். உடம்பு உங்களுடையது.

பிசியோ_சுந்தர்:
வெந்நீர் ஒத்தடம், ஹாட் பேக் இரண்டும் கூடாது. பெரியவர்கள் அன்பாகத்தான் வைத்துவிடுவார்கள், ஆனால் மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, வெந்து கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும். படுத்தே இருக்காமல் வீட்டுக்குள் அடிக்கடி நடங்கள், காலில் ரத்தம் உறையாமல் இருக்க அதுதான் வழி. ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சல், பரவும் சிவப்பு, அல்லது ஒரு இடத்தில் தண்ணீர்ப் பை மாதிரி தளும்பினால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

பிரபு_சேலம்:
இடையில் புகுந்து கேட்கிறேன். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, தொப்பையும் இருக்கிறது. இதைச் செய்துகொண்டால் சர்க்கரை குறையுமா?

கார்குழலி:
குறையாது தம்பி. இது தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பை மட்டும்தான் எடுக்கும். குடலைச் சுற்றியிருக்கும் கொழுப்பைத் தொடவே முடியாது. அமெரிக்காவில் உடல் பருமன் உள்ள பெண்களுக்குக் கிட்டத்தட்ட 10 கிலோ கொழுப்பை எடுத்துப் பார்த்த ஆய்வு 2004இல் வந்தது. இன்சுலின் வேலை செய்வதில் முன்னேற்றமே இல்லை. நீங்கள் முதலில் சர்க்கரை டாக்டரைப் பாருங்கள்.

மீனா_திருச்சி:
நன்றி அக்கா. மாமியார் நேற்றிலிருந்து ஒத்தடம் வைக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சுந்தர் சார் எழுதியதை அவரிடமே படித்துக் காட்டுகிறேன்.