ஸ்கிரிப்டட் கரிக்குலம்: ‘வரிவழிப் பாடத்திட்டம்’ என்று வைக்கலாமா?

வணக்கம். கல்விச் சொற்களுக்குத் தமிழில் நாம் தொகுக்கும் பட்டியலில் மூன்று சொற்களைப் பற்றி எழுதுகிறேன்.

ஸ்கிரிப்டட் கரிக்குலத்துக்கு ‘எழுத்துருப் பாடத்திட்டம்’ வேண்டாம். எழுத்துரு என்றாலே இன்று ஃபாண்ட்தான். ஆசிரியர் சொல்ல வேண்டிய வாக்கியம், பிள்ளைகள் சேர்ந்து பதில் சொல்ல அவர் காட்டும் சைகை, தப்பாகப் படித்தால் திருத்தும் விதம் எல்லாமே அச்சிலேயே இருக்கிற முறை இது. 1960களில் அமெரிக்காவில் சீக்ஃபிரீட் எங்கல்மன் முன்னெடுத்த டைரக்ட் இன்ஸ்ட்ரக்‌ஷன் அப்படிப்பட்டது. செயல்வழிக் கற்றல் ஏற்கெனவே புழங்குகிற சொல் என்பதால் ‘வரிவழி’யும் ஆசிரியர்கள் வாயில் சுலபமாக வரும். தமிழ்நாட்டு அரசின் தொடக்க வகுப்புத் திட்டமான ‘எண்ணும் எழுத்தும்’ தரும் ஆசிரியர் கையேட்டை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். செய்ய வேண்டியதைச் சொல்லித் தருவது வேறு, பேச வேண்டிய பேச்சையே எழுதித் தருவது வேறு.

அடுத்து டீச்சர் ஜட்ஜ்மெண்ட். எனக்கு இதுதான் முக்கியம். ‘ஆசிரியர் மதிப்பீடு’ என்றால் ஆசிரியரை யாரோ மதிப்பிடுவதாகப் படும், ‘தீர்ப்பு’ கோர்ட்டுக்குப் போய்விடும். ‘நிதானிப்பு’ என்று வைப்போம். இருட்டில் ஆள் யாரென்று நிதானிக்க முடியவில்லை என்கிறோமே, அதே நிதானிப்பு.

மண்டபம் பக்கம் ஒரு ஒன்றாம் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் வாழை, பிள்ளை வாளை என்று படிக்கிறது. வீட்டில் ழகரம் ளகரமாகத்தான் ஒலிக்கும், போதாததற்கு வாளை அது கரையில் தினமும் பார்க்கிற மீன். இப்போது அதற்கு ழ என்ற எழுத்தே தெரியவில்லையா, தெரிந்தும் வீட்டுப் பேச்சில் சொல்கிறதா? திருத்து, திரும்பச் சொல்ல வை என்பதோடு அச்சிட்ட வரி நின்றுவிடும். ஆசிரியர்தான் ழ, ள இரண்டையும் பலகையில் எழுதித் தொடச் சொல்லிப் பார்த்து, சரியாகத் தொட்டால் மேலே படிக்கவிட்டு, உச்சரிப்பை அப்புறம் கவனிப்பார். இதைச் செய்யாவிட்டால் படிக்கத் தெரிந்த பிள்ளையைத் தெரியாத பிள்ளை என்று ஒதுக்கிவிடுவோம், அதை என்னால் ஏற்க முடியாது.

அதற்காக வரிவழியே கூடாது என்று சொல்ல வரவில்லை. எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து, கெ-யும் கே-யும் குழம்பாமல் எவ்வளவு இடைவெளி விடுவது என்பதையெல்லாம் ஒவ்வொரு ஆசிரியரும் தனியாகக் கண்டுபிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, புதிதாக வேலைக்கு வந்தவருக்கு அது பெரிய துணை. ஆகவே விளக்கத்தை இப்படி எழுதலாம்: ‘ஆசிரியர் நிதானிப்பு: பாட வரிசை கெடாமல், பிள்ளையின் பதிலை வைத்து அடுத்த படியை ஆசிரியர் முடிவுசெய்தல்.’

கடைசியாக ஃபிடிலிட்டி, அதாவது வகுத்துத் தந்த பாடத்திட்டத்தை அப்படியே பின்பற்றுவது. இதற்கு ‘விசுவாசம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘வழுவாமை’ போதும். ஆனால் ‘வரிசை வழுவாமை’, ‘வரி வழுவாமை’ என்று இரண்டு பதிவாகவே போடுங்கள். முதலாவதை ஆசிரியரிடம் கேட்கலாம், இரண்டாவதை வாழைக்கும் வாளைக்கும் நடுவில் நிற்பவரிடம் கேட்கக் கூடாது.