வயதா, அட்டையா? இலவசப் பேருந்தில் முதியோருடன் சென்ற அனுபவங்கள்

செந்தூலிலிருந்து:
சென்ற மாதம் என் தாயாருடன் கோலாலம்பூர் நகர மையத்திற்கு, குடிமக்களுக்கு மட்டும் இலவசமான பேருந்தில் சென்றபோது நடந்த ஒன்று இன்னும் மனத்தை அறுப்பதால் எழுதுகிறேன். அவருக்கு வயது 72. பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பிறப்பைப் பதியாமல் விட்டதால் இன்றுவரை குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டைதான் (ஐசி). இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை, நம் உறவுகளில் இப்படி ஒருவராவது இருப்பார். ஓட்டுநர் அட்டையைக் கேட்டார். அம்மா அதைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, குருக்களிடம் அர்ச்சனைச் சீட்டை நீட்டுவதுபோல் இரு கைகளாலும் நீட்டினார். ஓட்டுநர் எண்ணைப் பார்க்கவில்லை, நிறத்தை மட்டும் பார்த்தார். பிறகு குரலை உயர்த்தாமல் கட்டணக் கருவியைச் சுட்டிக் காட்டினார். “எனக்கு எழுபத்திரண்டு ஆகிறது என்று அவரிடம் சொல்லம்மா” என்றார் என் தாயார். நானோ, பின்னால் ஏறக் காத்திருந்தவர்களின் பார்வைக்குக் கூசி, “இங்கே வயது கணக்கில்லை, பேசாமல் வாருங்கள்” என்று சொல்லிவிட்டு, என் டச் அண்ட் கோ கட்டண அட்டையை அவருக்காகத் தட்டினேன். ஓட்டுநர் மீது எனக்குக் குறையில்லை. அவருக்குச் சொல்லப்பட்ட விதியை அவர் மரியாதையாகவே நடத்தினார். ‘பேசாமல் வாருங்கள்’ என்று சொன்னது நான்.

ஜார்ஜ் டவுனிலிருந்து:
பினாங்கில் இந்தத் தொல்லை கிடையாது. வெல்ட் கீ ஜெட்டிக்கும் கொம்தாருக்கும் இடையே சுற்றிவரும் கேட் (CAT) இலவசப் பேருந்தில் வயதும் கேட்பதில்லை, அட்டையின் நிறமும் கேட்பதில்லை; வெளிநாட்டுப் பயணிகள்கூடப் பைகளோடு இலவசமாக ஏறுகிறார்கள். ஆனாலும் 76 வயதான என் தந்தை ஒவ்வொரு முறையும் தம் மைகார்டை, அதாவது குடிமக்களுக்கான நீல அடையாள அட்டையை, ஓட்டுநரின் முகத்துக்கு நேரே பிடிப்பார். ஒருநாள் ஓட்டுநர் சிரித்துக்கொண்டே, “சிம்பான், அங்கிள்” (எடுத்து வையுங்கள், ஐயா) என்று சொல்லிவிட்டார். லிட்டில் இந்தியா வரும்வரை அப்பா என்னோடு பேசவில்லை, இறங்கிய பிறகுதான், “பார்க்காமலே ஏற்றிக்கொண்டால், இத்தனை வயது இருந்ததற்கு என்ன மதிப்பு?” என்று கேட்டார். முதலில் எழுதியவர் அந்த ஓட்டுநரை இவ்வளவு எளிதாக விட்டிருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

பத்து கேவ்ஸிலிருந்து:
ஜார்ஜ் டவுன் நண்பருக்கு ஒரு திருத்தம். எல்லாருக்கும் இலவசமாக இருப்பதை முதியோர் சலுகையோடு ஒப்பிடுவது பொருந்தாது. வயது தகுதியாகும் இடத்தில்தான் சிக்கலே தொடங்குகிறது. என் மாமியாருக்கு உண்மையில் 63 வயது. பிறப்பைத் தாமதமாகப் பதிந்தபோது தேதியும் மாறிப்போனதால், அட்டைப்படி அவருக்கு 59. சலுகைக்குப் பதியச் சென்றபோது, முகப்பில் இருந்த இளைஞர் அடையாள எண்ணின் முதல் ஆறு இலக்கங்களைப் பார்த்து, விரல்விட்டு எண்ணி, அடுத்த ஆண்டு வரச் சொன்னார். அதற்கு மாமியார், “1969 மே கலவரத்தில் என் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினேன், மூன்று வயதுக் குழந்தையால் அது முடியுமா?” என்று தமிழிலேயே கேட்டார். அந்த மலாய் இளைஞருக்கு ஒன்றும் புரியவில்லை. மொழிபெயர்க்க எனக்கும் வாய் வரவில்லை.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து:
இலவசம் வேறு, பாதிக் கட்டணம் வேறு என்பதை அறியாமல் பசார் செனியில் ஒருமுறை நான் தலைகுனிந்தேன். என் அனுபவம் அவ்வளவுதான். மற்றவர்களுக்குப் பயன்படட்டும் என்று சிலவற்றைச் சொல்கிறேன். நம் நாட்டில் மூத்த குடிமகன் என்றால் 60 வயது நிறைந்தவர். கோலாலம்பூரின் ரேபிட் கேஎல் பேருந்திலும் ரயிலிலும் அவர்களுக்குப் பாதிக் கட்டணம் உண்டு. ஆனால் முன்கூட்டியே பதிந்துகொள்ளாமல் சாதாரண அட்டையைத் தட்டினால், நரைத்த தலையைக் கருவி அடையாளம் காணாது, முழுக் கட்டணமே கழியும். கேடிஎம் ரயிலிலும் 60 வயதிலிருந்து பாதிக் கட்டணம்தான். மை50 அட்டையோ வயதைப் பார்ப்பதில்லை, குடியுரிமையைப் பார்க்கிறது: 50 ரிங்கிட்டுக்கு முப்பது நாள் பயணம், மலேசியர்களுக்கு மட்டும். ஆகவே செந்தூல் சகோதரி பேருந்தைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டு, அட்டையின் நிறத்தை மாற்றப் பார்க்க வேண்டும். அறுபதைத் தாண்டிய, சிவப்பு அட்டை வைத்துள்ள இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை வழங்க அமைச்சரவை இணங்கியதாக 2018-இல் பிரதமர் மகாதீர் அறிவித்தது நினைவிருக்கும். தோட்டத்துப் பழைய பதிவேடு, தமிழ்ப்பள்ளிப் பதிவு, உடன்பிறந்தோரின் நீல அட்டைகளின் நகல் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்துப் பதிவுத் துறைக்குக் கொண்டுபோங்கள். மலாய் மொழி நேர்காணலுக்கு அம்மாவை இப்போதிருந்தே பழக்குங்கள்.

செந்தூலிலிருந்து, மீண்டும்:
பிரிக்பீல்ட்ஸ் ஐயாவுக்கு நன்றி, ஆனால் நான் ஆலோசனை கேட்கவில்லை. அந்தக் கோப்பு எங்கள் வீட்டில் இரண்டாகவே இருக்கிறது. அம்மாவின் மலாய் என்னுடையதைவிடச் சரளமானது. அன்று என்னை அவர் பேசச் சொன்னது மொழி தெரியாததால் அன்று, மகள் தமக்காகப் பேச வேண்டும் என்றுதான் என எனக்கு இப்போது தோன்றுகிறது. மறுவாரமே அவர் தமக்கென ஒரு டச் அண்ட் கோ அட்டை வாங்கிக்கொண்டார். நேற்று என்னை முந்திக்கொண்டு ஏறி, ஓட்டுநர் வாய் திறக்கும் முன்பே அதைத் தட்டிவிட்டு, திரும்பிப் பார்த்து, “நீ உன் ஐசியைக் காட்டு” என்றார்.