ஐஸ் ஹாக்கியில் அடி அதிகம், கூடைப்பந்தில் காசு அதிகம்: கணக்கு எங்கே இடிக்கிறது?

விசில்_சத்தம்:
ஹாக்கி என்று நான் சொல்வது வட அமெரிக்காவின் என்எச்எல் லீகில் ஆடும் ஐஸ் ஹாக்கியை. புல்தரை ஹாக்கி இல்லை. அங்கேயும் கூடைப்பந்து லீகான என்பிஏவிலும் 2025-26 சீசனில் அணிக்கு 82 ஆட்டம்தான். ஹாக்கியில் பல் போனாலும் அடுத்த ஷிப்டுக்கு, அதாவது பனியில் இறங்கும் அடுத்த முறைக்கு, ஆள் வந்து நிற்கிறான். கூடைப்பந்தில் ‘முழங்கால் வலி, இன்றைக்கு ஓய்வு’ என்று அறிக்கை வருகிறது. ஆனால் அந்த சீசனில் ஸ்டீபன் கரிக்குச் சம்பளம் சுமார் 5.96 கோடி டாலர்; ஹாக்கியில் உச்சத்தில் இருந்த லியோன் டிரைசைட்டிலின் ஒப்பந்தம் ஆண்டுக்குச் சராசரி 1.4 கோடி டாலர்தான். உண்மையில் எது உடம்பை அதிகம் வாட்டும்? ‘ஹாக்கிக்காரன் காசுக்கு ஆடுவதில்லை’ என்று சொல்கிறார்களே, அதில் எவ்வளவு நிஜம்?

நீலக்கோடு:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். இரண்டும் உடம்பில் வெவ்வேறு இடத்தைத் தின்கின்றன. அதனால் ‘எது அதிகம்’ என்று ஒரே தராசில் நிறுத்த முடியாது.

ஹாக்கியில் ஒரு ஷிப்ட் 40 முதல் 50 விநாடி. அந்த நேரம் முழுக்க உயிரைக் கொடுத்துச் சறுக்கிவிட்டு பெஞ்சுக்கு வந்து ஓரிரு நிமிடம் மூச்சு வாங்க வேண்டும். 60 நிமிட ஆட்டத்தில் நட்சத்திர முன்கள ஆட்டக்காரரே 20, 22 நிமிடம்தான் பனியில் இருப்பார். பார்க்கச் சுலபமாகத் தெரியும். சிக்கல் ஷிப்ட் நீளும்போதுதான். ஆட்டத்தின் இரண்டாவது பகுதியான இரண்டாவது பீரியடில் அணிகள் பக்கம் மாறுவதால் பெஞ்ச் தன் தடுப்புப் பகுதியிலிருந்து தூரத்தில் போய்விடும். களைத்த ஐந்து பேர் மாறவே முடியாமல் மாட்டிக்கொள்வார்கள். தப்பிக்க பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) மறுகோடிக்கு அடித்தால் ஐசிங் என்ற விதிமீறல். 2005-06 முதல் ஐசிங் செய்த அணி ஆள் மாற்றக்கூடாது. ஆக, 45 விநாடி ஷிப்ட் 90 விநாடியாகிவிடும். தொடை இரும்பாகிவிட்டால் முழங்காலை மடக்கித் தாழ்வாகச் சறுக்க முடியாது, நிமிர்ந்து நிற்பான். மோதல் வாங்குவதும், ஆளை விட்டுவிட்டு கோல் வாங்குவதும் அந்த நிலையில்தான்.

காயத்தில் தொடையிடுக்கு முக்கியம். சறுக்கும்போது கால் பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. அதை நிறுத்தி உள்ளே இழுப்பது உட்தொடைத் தசை. வெளித்தசையின் பலத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே அது இருந்தால் கிழியும் அபாயம் பல மடங்கு. சீசனுக்கு முன்பே அளந்து பார்த்து, மேல்காலை பெஞ்சில் வைத்துப் பக்கவாட்டில் உடம்பைத் தூக்கும் கோபன்ஹேகன் பயிற்சியைப் பக்கத்துக்கு 6 முதல் 10 தடவை, இரண்டு மூன்று சுற்று என்று சேர்ப்பார்கள். கோல் காப்பவர் பாடு தனி: முழங்காலைப் பனியில் ஊன்றிக் கால்களை விரிப்பதே வேலை என்பதால், இடுப்பு மூட்டுக் கிண்ணத்தின் விளிம்பு தேய்ந்துவிடும்.

மூன்றுபுள்ளி:
கூடைப்பந்துப் பக்கத்தை நான் சொல்கிறேன். இங்கே நட்சத்திரம் 48 நிமிடத்தில் 34, 36 நிமிடம் மரத்தளத்தில் நிற்கிறார். நேரான ஓட்டத்தை விட ஓட்டத்தை நிறுத்துவதும், குதித்து இறங்குவதும்தான் கொல்லும். ஒற்றைக்காலில் இறங்கும்போது மூட்டின் மேல் விழுவது உடல் எடையின் பல மடங்கு. தசை ஓரிரு நாளில் தேறிவிடும், தசைநாண் அப்படியில்லை. முழங்கால் சில்லின் கீழ்முனையில் வலி ஆரம்பிக்கும். வார்ம்அப் செய்ததும் குறைந்துவிடும், ஆள் ஏமாந்துவிடுவான். மறுநாள் காலை படி இறங்கும்போது தெரியும். அதற்கு முதல் மருந்து அசையாமல் தாங்கிப் பிடிக்கும் பயிற்சி: காலை நீட்டும் இயந்திரத்தில் 45 விநாடி, ஐந்து தடவை, நடுவே இரண்டு நிமிடம் இடைவெளி.

மற்றது கணுக்கால். தரையில் அல்ல, எதிராளியின் பாதத்தின் மேல் இறங்கித்தான் பெரும்பாலும் சுளுக்கும். அதனால்தான் இறங்கும் இடத்தில் காலை நீட்டுவதற்கு 2017-18 முதல் தண்டனையைக் கடுமையாக்கினார்கள். 2025 பிளேஆஃபில் (சீசனுக்குப் பிறகு கோப்பைக்கு நடக்கும் சுற்றுகளில்) டேமியன் லில்லார்ட், ஜேசன் டேட்டம், டைரஸ் ஹாலிபர்ட்டன் மூன்று பேருக்கும் குதிகாலின் அக்கிலிஸ் தசைநாண் அறுந்தது. ஒருவரையும் யாரும் இடித்துத் தள்ளவில்லை. ‘ஓய்வு’ என்று கேலி செய்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சம்பளக்_கணக்கன்:
கஷ்டத்துக்கும் காசுக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு லீகிலும் வருமானத்தில் ஏறக்குறைய பாதி ஆட்டக்காரர்களுக்குத்தான். என்பிஏவில் 49 முதல் 51 சதவீதம், என்எச்எல்லில் 50. வித்தியாசம் பானையின் அளவிலும், அதைப் பங்குபோடும் தலைகளின் எண்ணிக்கையிலும்.

என்பிஏவின் புதிய ஒளிபரப்பு ஒப்பந்தம் 2025-26 முதல் 11 ஆண்டுக்கு 7,600 கோடி டாலர். ஆண்டுக்கு 690 கோடி. என்எச்எல் அமெரிக்காவில் 2021-22 முதல் பெறுவது ஆண்டுக்கு சுமார் 62 கோடி, கனடா தனிக்கணக்கு. ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு 2025-26 உச்சவரம்பு: என்எச்எல் 9.55 கோடி, என்பிஏ 15.46 கோடி. முதலாவதை அணியின் 23 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 41 லட்சம். இரண்டாவதை 15 பேருக்குப் பிரித்தால் ஒரு கோடிக்கு மேல். அதோடு என்பிஏ உச்சவரம்பு நெகிழும். சொந்த ஆட்டக்காரரை வைத்துக்கொள்ள அணி அதைத் தாண்டலாம். என்எச்எல்லில் அது சுவர். எந்த ஆட்டக்காரரும் அதில் 20 சதவீதத்துக்கு மேல் வாங்க முடியாது. அதாவது கடவுளே வந்து சறுக்கினாலும் அந்த ஆண்டில் 1.91 கோடி!

இதில் நியாயமும் இருக்கிறது. 48 நிமிடத்தில் 36 ஆடுபவர் முக்கால் ஆட்டத்தைக் கையில் வைத்திருக்கிறார். 60 நிமிடத்தில் 22 ஆடுபவர் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறார்.

ஆரம்பத்திலேயே பாருங்கள். 2023 டிராஃப்டில், அதாவது அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், இரண்டு பக்கமும் முதல் தேர்வு: கூடைப்பந்தில் விக்டர் வெம்பன்யாமாவுக்கு முதல் ஆண்டு சுமார் 1.22 கோடி, ஹாக்கியில் கானர் பெடார்டுக்கு அடிப்படை 9.5 லட்சம், அதற்கு மேல் போனஸ் வாய்ப்பு.

விசில்_சத்தம்:
கணக்கு புரிந்தது. ஆனால் மனசு? 2013 என்எச்எல் இறுதிச் சுற்றில் பாஸ்டன் அணியின் பாட்ரிஸ் பெர்ஜெரான் விலா எலும்பு முறிந்து, தோள்மூட்டு விலகி ஆடினாரே.

நீலக்கோடு:
அதே ஆண்டு, அதே அணியின் கிரெகரி கேம்பல் கதை இன்னும் நெருக்கமானது. பிட்ஸ்பர்க்குக்கு எதிராக பாஸ்டன் ஓர் ஆள் குறைந்து ஆடுகிறது. பிட்ஸ்பர்க்கின் மால்கின் அடித்த பக்கை மறிக்கக் கேம்பல் விழுகிறார். 170 கிராம் உறைந்த ரப்பர், வலது காலில். எலும்பு முறிந்துவிட்டது. எழுந்து, ஒற்றைக்காலில் 40 விநாடிக்கு மேல் தத்தித் தத்தி நின்றார், பக் வெளியே போகும்வரை. அவர் போய்விட்டால் கோல் காப்பவரைத் தவிர பனியில் மூன்று பேர்தான். நடுவரும் விசில் அடித்து ஆட்டத்தை உடனே நிறுத்தவில்லை. வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் பனியில் ஆட்டம் ஓடிக்கொண்டே இருப்பதும் அதற்கு ஒரு காரணம்.

அதோடு ரகசியம். என்எச்எல்லில் காயத்தை ‘மேல் உடம்பு’, ‘கீழ் உடம்பு’ என்று சொன்னால் போதும். என்பிஏவில் முந்தைய நாள் மாலையே எந்த உறுப்பு என்று பட்டியலிட வேண்டும். அங்கே எல்லாம் வெளியே தெரிகிறது. இங்கே கோப்பை முடிந்த பிறகுதான் தெரியும்.

சம்பளக்_கணக்கன்:
மனசை ஒப்பந்தத்தில் தேடுங்கள். ஒருவர் வலியோடு ஆடுவது காசுக்கு எதிரானது என்று ஏன் நினைக்கிறீர்கள்? இரண்டு லீகிலும் சம்பளம் வழக்கமான சீசன் ஆட்டங்களுக்குத்தான். பிளேஆஃபுக்கு லீக் ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கு மட்டும். ஆகவே பிளேஆஃபில் பக்குக்கு முன்னால் விழுபவன் அன்றைய கூலிக்காக விழவில்லை, அது நிஜம். ஆனால் குறைந்த நேரமே ஆடும் நான்காவது வரிசை ஹாக்கி ஆட்டக்காரர் சிலரின் கையில் இருவழி ஒப்பந்தம். கீழ் லீகுக்கு அனுப்பினால் சம்பளம் சரிந்துவிடும். காயத்தில் இருக்கும்போது பணம் நிற்காது, ஆனால் குணமாகி வரும்போது அவன் இடத்தில் வேறொருவன் சறுக்கிக்கொண்டிருப்பான். அந்தப் பயமும் ஆடவைக்கும்.

கூடைப்பந்தில் காசே காயத்தோடு ஆடவைத்த உதாரணம் உண்டு. 2023-24 முதல் விருதுக்கு 65 ஆட்டம் கட்டாயம். அந்த சீசனில் ஹாலிபர்ட்டனுக்குப் பின்தொடைக் காயம். சீசனின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலான ஆல்-என்பிஏ அணியில் இடம் கிடைத்தால் அவருடைய ஐந்தாண்டு ஒப்பந்தம் 20.4 கோடியிலிருந்து சுமார் 24.5 கோடியாகும். நிமிடத்தைக் குறைத்துக்கொண்டு திரும்பி வந்தார், 69 ஆட்டம் ஆடினார், இடமும் கிடைத்தது. அந்த விதியை அவர் வெளிப்படையாகவே திட்டினார்.

மூன்றுபுள்ளி:
காசை விட்டுக்கொடுப்பதும் ஹாக்கியின் தனிச்சொத்து இல்லை. 2024இல் ஜேலன் பிரன்சன் நான்காண்டுக்கு 15.65 கோடிக்குக் கையெழுத்துப் போட்டார். ஓராண்டு காத்திருந்தால் ஐந்தாண்டுக்குச் சுமார் 26.9 கோடி.

சம்பளக்_கணக்கன்:
ஆமாம், 2025 அக்டோபரில் ஹாக்கியில் கானர் மெக்டேவிட் பழைய 1.25 கோடிக்கே இரண்டாண்டு நீட்டித்ததும் அதே ரகம். சுவர் போன்ற உச்சவரம்பில் தான் குறைத்துக்கொண்டால்தான் பக்கத்தில் ஆட நல்ல ஆள் வாங்க முடியும். ஆனால் இரண்டே ஆண்டு என்பதையும் கவனியுங்கள். 2027-28இல் உச்சவரம்பு 11.35 கோடி என்று முன்பே அறிவித்தாகிவிட்டது; ஒப்பந்தம் முடியும்போது அவர் வேறொரு சந்தையில் நிற்பார்.